ஜொங்குவோ முதல் கூலி வரை: சீன வரலாறு, ஆட்சி, மக்கள் பற்றிய சொற்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2019 அக்டோபரில் சீனத் தலைவர் மாமல்லபுரம் வந்தபோது, அவர் பெயரை ஷி ஜின்பிங், ஜி ஜின்பிங், வெறும் ஜின்பிங் என்று பத்திரிகைக்கு ஒரு விதமாக எழுதினார்கள். பெயராவது பரவாயில்லை. ‘அதிபர்’ என்று எழுதினோமே, சீன மொழியில் அந்தப் பதவியின் பெயருக்கு அப்படிப் பொருளே கிடையாது. சீனச் செய்தி நம்மிடம் ஆங்கிலம் வழியாகத்தான் வருகிறது. வழியில் சொற்கள் சட்டை மாற்றிக்கொள்கின்றன. அந்தச் சட்டையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே வேறு ஆள் இருப்பார்.

சில வருடங்களாகத் தட்டுத்தடுமாறிச் சீனம் படித்துவருகிறேன். நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்கிறேன். சீன எழுத்துகளைப் போடவில்லை. ஒலியைத் தமிழில் கொடுத்து, தேவையான இடத்தில் எழுத்தின் உருவத்தை வாயால் விளக்கியிருக்கிறேன்.

இந்தச் சொற்களை எப்படி வாசிப்பது?

உத்தேசமாகத்தான். ‘ஜொங்’ என்பதில் உள்ள ஜ, ஜன்னலின் ஜ இல்லை. ட சொல்லப்போவதுபோல் நாக்கை மேலே மடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். போதாததற்கு நான்கு சுரங்கள். ‘மா’வை ஒரு சுரத்தில் சொன்னால் அம்மா, இன்னொரு சுரத்தில் சொன்னால் குதிரை. தமிழ் எழுத்தில் அது வராது, விட்டுவிடுவோம்.

பெயர்களில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். குடும்பப் பெயர் முன்னால் வரும். ஷி என்பதுதான் குடும்பப் பெயர். தலைப்பில் இடம் போதவில்லை என்று ‘ஜின்பிங்’ என்று சுருக்குவது, அறிமுகமே இல்லாத பெரியவரை வீட்டுக்காரர்கள் கூப்பிடுவதுபோல் பேர் சொல்லி அழைப்பதற்குச் சமம். நம் இனிஷியல் முன்னால் வருகிறதல்லவா, அதுபோல என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

சீனர்கள் தங்கள் நாட்டை ‘சீனா’ என்றா சொல்கிறார்கள்?

இல்லை. ‘ஜொங்குவோ’ என்கிறார்கள். ஜொங் என்றால் நடு, குவோ என்றால் நாடு. ஜொங் எழுத்தைப் பார்த்தாலே புரியும்: ஒரு பெட்டி, அதன் நட்டநடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. குவோவின் பழைய வடிவில் நான்கு பக்கமும் மதில், உள்ளே ஈட்டி போன்ற ஓர் ஆயுதம். இன்று சீனாவில் எழுதும் சுருக்க வடிவில் அந்த ஆயுதத்தை எடுத்துவிட்டு மதிலுக்குள் ஜேட் என்ற பச்சைக் கல்லுக்கான எழுத்தை வைத்துவிட்டார்கள்.

‘உலகத்துக்கே நாங்கள்தான் நடு என்ற திமிர்’ என்று இந்தச் சொல்லைப் பற்றி அடிக்கடி சொல்வார்கள். பிற்காலத்தில் அந்த எண்ணம் சேர்ந்தது உண்மைதான். தொடக்கம் அவ்வளவு பெரியதல்ல. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ‘ஜொங்குவோ’ ஒரு வெண்கலப் பாத்திரத்தின் உட்புறத்தில் பொறித்த 122 எழுத்துகளுக்கு நடுவே இருக்கிறது. ஷான்ஷி மாகாணத்தின் பாவ்ஜி நகரில் 1963இல் கிடைத்த பாத்திரம் அது. காலம் கி.மு. 11ஆம் நூற்றாண்டு, ஜோவ் அரச மரபின் தொடக்கம். அங்கே அந்தச் சொல் குறிப்பது இன்றைய லுவோயாங் பக்கத்து நடுநிலப் பகுதியை. நம்மில் நடுநாடு என்று ஒரு பகுதியைச் சொல்வோமே, ஏறக்குறைய அந்த அளவுதான்.

முழு நாட்டுக்கும் அதுவே நிலையான பெயராக வெகுகாலம் பிடித்தது. அரசாங்கம் தன்னை அரச மரபின் பெயரால்தான் அழைத்துக்கொண்டது: தா மிங், தா சிங். ‘தா’ என்றால் பெரிய. 1901இல்கூட சிந்தனையாளர் லியாங் சிச்சாவ், நம் நாட்டுக்கென்று ஒரு பெயர் இல்லையே என்று வெட்கப்பட்டு எழுதினார்.

அப்படியானால் ‘சீனா’ எங்கிருந்து வந்தது?

கி.மு. 221இல் நாட்டை ஒன்றாக்கிய சின் மரபின் பெயர் வடமொழியில் ‘சீன’ ஆகி, அங்கிருந்து எல்லாப் பக்கமும் போனது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். நம் சீனச்சட்டி, சீனவெடி எல்லாம் அந்த வழி. ரஷ்யர்கள் சொல்லும் ‘கித்தாய்’ வேறு கிளை. வடக்கே ஆண்ட கித்தான் மக்களின் பெயர் அது. ஆக, வெளியூர்க்காரர்கள் வாயில் நிலைத்த இரண்டு பெயர்களும் வந்து போன ஆட்சிகளுடையவை.

‘ஹுவாங்தி’ என்பதற்குப் பேரரசர் என்பது சரியான மொழிபெயர்ப்பா?

சரி, ஆனால் வெறும் பேரரசர் என்றால் காரம் குறைகிறது. அதற்கு முன் அரசனுக்கு ‘வாங்’ என்றுதான் பெயர். போரிட்டுக்கொண்டிருந்த ஆறு நாடுகளையும் விழுங்கிய சின் அரசனுக்கு அது போதவில்லை. புராண காலத்து மூன்று ‘ஹுவாங்’களும் ஐந்து ‘தி’களும் உண்டு, இரண்டையும் ஒட்டி ‘ஹுவாங்தி’ என்று தனக்குத் தானே ஒரு பட்டம் செய்துகொண்டான். முன்னால் ‘ஷி’, அதாவது முதல். மகன் இரண்டாமவன், பேரன் மூன்றாமவன், இப்படியே பத்தாயிரம் தலைமுறை என்பது திட்டம். ‘நான்’ என்பதற்குப் பொதுவாகப் புழங்கிய ‘ஜென்’ என்ற சொல்லையும் தனக்கு மட்டும் என்று ஒதுக்கிக்கொண்டான். அதுவரை யார் வேண்டுமானாலும் ஜென் சொல்லலாம், அன்றிலிருந்து கூடாது. பத்தாயிரம் தலைமுறை என்ற திட்டம் 15 வருடத்தில் முடிந்துபோனது. பட்டம் மட்டும் 1912 வரை ஓடியது.

ஒரே பேரரசருக்கு இத்தனை பெயர் ஏன்? காங்ஷி என்பது பெயரா இல்லையா?

இல்லை. காங்ஷி, சியென்லொங், யொங்லெ எல்லாம் ‘நியென்ஹாவ்’. ஆட்சிக்காலத்துக்கு வைத்த மங்கலப் பெயர்கள். யொங்லெ என்றால் ‘நீடித்த மகிழ்ச்சி’. பேரரசரின் சொந்தப் பெயரைச் சொல்வதே குற்றம். அதில் வரும் எழுத்தை வேறு எங்கும் எழுதக்கூடாது. கணவன் பெயரைச் சொல்லாமல் நம் பாட்டிகள் சுற்றி வளைத்துப் பேசுவார்களே, அதை ஒரு சாம்ராஜ்யமே செய்தால் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹான் பேரரசர்களை இறந்தபின் கொடுத்த பட்டத்தால் சொல்வார்கள், ‘வூதி’ போல. தாங் காலத்தவர்களைக் கோயிலில் வைத்த பெயரால் சொல்வார்கள், ‘தாய்ட்ஸொங்’ போல. மிங், சிங் மரபுகளில் ஒரு பேரரசருக்கு ஒரே நியென்ஹாவ் என்ற வழக்கம் வந்ததால், அதுவே ஆளின் பெயர்போல் ஆகிவிட்டது.

பெயர்க் குழப்பம் குடியரசுக் காலத்திலும் தீரவில்லை. குடியரசை நிறுவிய தலைவரை நாம் சன் யாட் சென் என்கிறோம். சீனாவில் ‘சுன் ஜொங்ஷான்’ என்றால்தான் தெரியும். நம்மிடம் வந்தது தென்சீனாவின் கான்டன் பகுதி உச்சரிப்பு. ஜொங்ஷான் என்பது, அவர் ஜப்பானில் தலைமறைவாக இருந்தபோது வைத்துக்கொண்ட ‘நகயாமா’ என்ற பெயரின் எழுத்துகளைச் சீனத்தில் வாசித்தால் வருவது. சீன நகரங்களில் அங்கங்கே ஜொங்ஷான் சாலை என்று இருக்கும், நம் ஊரில் காந்தி ரோடு இருப்பதுபோல.

‘புரட்சி’க்குச் சீனச் சொல் என்ன?

‘கெமிங்’. எனக்கு மிகவும் பிடித்த சொல், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய நம்பிக்கைப்படி அரசன் ‘தியென்ட்ஸு’, வானத்தின் மகன். ஆள்வதற்கு அவனுக்கு வானம் கொடுத்த ஆணை ‘தியென்மிங்’. நம் அரசர்கள் சூரிய குலம், சந்திர குலம் என்று பிறப்பைக் காட்டினார்கள். பிறப்பை யாரும் பறிக்க முடியாது. ஆணையைப் பறிக்கலாம். கெட்ட அரசனிடமிருந்து வானம் ஆணையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். வெள்ளம், பஞ்சம், பூகம்பம் வந்தால் ‘வாங்கிக்கொள்ளப் போகிறது’ என்று ஊர் பேசத் தொடங்கும். ‘கெ’ என்றால் மாற்றுதல், நீக்குதல். ‘மிங்’ அந்த ஆணை. ஆக, கெமிங் என்றால் ஆணை கைமாறுவது. ஷாங் அரசைக் கவிழ்த்து ஜோவ் வந்ததைச் சொல்லப் பழைய நூல்களிலேயே இந்தச் சொல் இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் புரட்சிகளைப் பற்றி எழுத ஜப்பானியர்களுக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. சீன நூல்களிலிருந்து இதை எடுத்துக்கொண்டார்கள். ஜப்பானுக்குப் படிக்கப் போன சீன இளைஞர்கள் புதுப் பொருளோடு அதைத் திரும்ப வாங்கி வந்தார்கள். 1966இல் மாவோ தொடங்கிய ‘வென்ஹுவா தா கெமிங்’, அதாவது பண்பாட்டுப் பெரும்புரட்சி, பழையது அத்தனையையும் ஒழிக்கக் கிளம்பியது. அதன் பெயரிலேயே மூவாயிரம் வருடத்து வானத்தின் ஆணை உட்கார்ந்திருந்தது.

மன்னராட்சியை ஒழித்த 1911ஐ ‘ஷின்ஹாய்’ புரட்சி என்கிறார்களே, ஷின்ஹாய் என்பது ஊரா?

வருடம். இதைத் தமிழர்களுக்கு விளக்குவது ரொம்ப எளிது. நமக்குப் பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருடச் சுற்று இருப்பதுபோல் அவர்களுக்கும் அறுபது. பத்துப் பெயரும் பன்னிரண்டு பெயரும் இரண்டு பல்சக்கரம்போல் சுற்றி அறுபது ஜோடி வரும். 48ஆவது ஜோடி ஷின்ஹாய். 1876இல் தொடங்கிய கொடும் பஞ்சத்தை ‘தாது வருடப் பஞ்சம்’ என்கிறோமே, அதே முறைதான். 1894இல் ஜப்பானோடு நடந்த போர் ‘ஜியாவூ’ போர். 1898இன் சீர்திருத்த முயற்சி ‘வூஷூ’.

அப்புறம் இந்தப் பழக்கம் மாறி நாள் எண்ணால் பெயரிடத் தொடங்கினார்கள். 1919 மே 4 மாணவர் போராட்டம் ‘வூ-ஸு’, ஐந்து-நான்கு. 1931இல் ஜப்பான் மஞ்சூரியாவில் புகுந்த செப்டம்பர் 18 ‘ஜியோ-யி-பா’, ஒன்பது-ஒன்று-எட்டு. தியனான்மென் போராட்டத்தை ராணுவம் ஒடுக்கிய 1989 ஜூன் 4 ‘லியோ-ஸு’, ஆறு-நான்கு. கடைசியாகச் சொன்னதை இணையத்தில் எழுதினால் தணிக்கை வெட்டிவிடும். அதனால் ‘மே 35’ என்று எழுதினார்கள். மே மாதத்துக்கு 31 நாள், மேலே நான்கு கூட்டினால் ஜூன் 4. பிறகு அதையும் வெட்டத் தொடங்கினார்கள்.

எண்களிலும் அரசியல் உண்டு. ஜப்பானிய எதிர்ப்புப் போரை 1937 முதல் எண்ணி ‘எட்டு வருடப் போர்’ என்றுதான் பாடநூல்களில் இருந்தது. 2017 முதல் 1931இலிருந்து எண்ணி ‘பதினான்கு வருடம்’ என்று மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

‘மாண்டரின்’ சீனச் சொல்தானே?

இல்லவே இல்லை. அது நம் மந்திரி. வடமொழி ‘மந்த்ரின்’ மலாயில் ‘மெந்த்ரி’ ஆகி, மலாக்காவுக்கு வந்த போர்த்துகீசியர் வாயில் ‘மந்தரிம்’ ஆகி, சீன அதிகாரிகளைக் குறிக்கப் போனது. அதிகாரிகள் பேசிய மொழிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. சீனத்தில் அந்த மொழிக்குப் பெயர் ‘குவான்ஹுவா’, அதிகாரிப் பேச்சு. இன்று சீனாவில் ‘பூதொங்ஹுவா’ (பொதுப் பேச்சு), தைவானில் ‘குவோயூ’ (நாட்டு மொழி), சிங்கப்பூர், மலேசியாவில் ‘ஹுவாயூ’ (ஹுவா, அதாவது சீன வம்ச மக்களின் மொழி). மூன்றும் ஏறக்குறைய ஒரே மொழி. எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பதை வைத்தே ஆள் எந்தப் பக்கத்துக்காரர் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

அந்த ‘மந்திரி’களைத் தேர்ந்தெடுத்த தேர்வு ‘கெஜ்யூ’. சுய் மரபில் தொடங்கி 1905இல் ஒழிக்கும்வரை சுமார் 1300 வருடம் நடந்தது. முதலிடம் பெற்றவருக்கு ‘ஜுவாங்யுவான்’ என்று பெயர். தேர்வு போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் சொல் போகவில்லை. இன்றைய கல்லூரி நுழைவுத் தேர்வான ‘காவ்காவ்’வில் மாகாண முதலிடம் பிடிக்கும் பிள்ளையையும் ஜுவாங்யுவான் என்றுதான் ஊர் கொண்டாடுகிறது.

சீனக் குடியரசு, சீன மக்கள் குடியரசு இரண்டும் வேறு என்று தெரியும். சீனத்தில் பெயர் எப்படி வேறுபடுகிறது?

‘குடியரசு’க்கே இரண்டு சொல். 1912இல் பிறந்து இப்போது தைவானில் இருப்பது ‘ஜொங்ஹுவா மின்குவோ’. மின் என்றால் குடிமக்கள், மின்குவோ குடிகளின் நாடு. நம் ‘குடியரசு’க்கு ரொம்பப் பக்கம். 1949 அக்டோபர் 1 அன்று பெய்ஜிங்கில் அறிவித்தது ‘ஜொங்ஹுவா ரென்மின் கொங்ஹெகுவோ’.

கொங்ஹெ என்பதில் ஒரு பழங்கதை இருக்கிறது. கி.மு. 841இல் ஜோவ் அரசன் லியின் கொடுமை தாங்காமல் மக்கள் அவனைத் துரத்திவிட்டார்கள். அரசன் இல்லாமல் இரண்டு அமைச்சர்கள் சேர்ந்து நாட்டை நடத்தினார்கள் என்று வரலாற்றாசிரியர் ஸுமா சியென் எழுதுகிறார். அந்தக் காலத்துக்குப் பெயர் கொங்ஹெ, ‘கூடி இசைந்து’. சீன வரலாற்றில் வருடவாரியாகத் தொடர்ச்சியான கணக்கு தொடங்குவதும் அந்த வருடத்திலிருந்துதான். அரசன் இல்லாத ஆட்சிக்குச் சொல் தேடிய ஜப்பானியர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள்.

ஜப்பானிலிருந்து திரும்பி வந்த சொற்கள் இவ்வளவா?

நிறைய. சமூகம் (‘ஷெஹுவெய்’, முன்பு மண் தெய்வத்துக்குக் கூடும் திருவிழாக் கூட்டம்), பொருளாதாரம் (‘ஜிங்ஜி’, முன்பு உலகை நடத்தி மக்களைக் காப்பது), கட்சி ஊழியரைக் குறிக்கும் ‘கான்பு’. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த பாத்திரம் பலகாரத்தோடு திரும்பி வந்ததுபோல. ஜப்பானை வெறுத்துப் பேசும் கட்டுரையைக்கூட இந்தச் சொற்கள் இல்லாமல் எழுத முடியாது.

சரி, ஷி ஜின்பிங் அதிபரா, தலைவரா, செயலாளரா?

மூன்றுமே, ஆனால் முக்கியத்துவம் நாம் நினைக்கும் வரிசையில் இல்லை.

‘அதிபர்’ என்று நாம் சொல்லும் பதவி ‘குவோஜியா ஜூஷி’. குவோஜியா நாடு. ஜூஷியில் ‘ஜூ’ முதன்மையானது, ‘ஷி’ பாய். தரையில் பாய் விரித்து உட்கார்ந்த காலத்துச் சொல், முதன்மையான பாயில் அமர்பவர். மாவோவை ‘மாவ் ஜூஷி’ என்றபோது ஆங்கிலத்தில் ‘சேர்மன்’ என்றார்கள். 1982 அரசமைப்புச் சட்டத்துக்குப் பிறகு அதே ஜூஷி ஆங்கிலத்தில் ‘பிரசிடென்ட்’ ஆகிவிட்டது. சீனத்தில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. அமெரிக்க அதிபரைச் சொல்ல அவர்களிடம் ‘ட்ஸொங்தொங்’ என்று வேறு சொல் இருக்கிறது. தன் தலைவருக்கு அதைப் பயன்படுத்துவதில்லை.

உண்மையான அதிகாரம் இருப்பது ‘ட்ஸொங் ஷூஜி’ என்ற கட்சிப் பொதுச் செயலாளர் பதவியில். ஷூஜி என்றால் முன்பு எழுத்தர், கணக்குப்பிள்ளை மாதிரி. கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள் வேண்டுமென்றே அடக்கமான சொல்லாகப் பார்த்து எடுத்தார்கள். இன்று சீனாவில் பயத்தோடு கூடிய மரியாதை கிடைக்கும் சொல் அதுதான். மாகாணத்துக்கு ஆளுநர் (‘ஷெங்ஜாங்’) உண்டு, நகரத்துக்கு மேயர் (‘ஷிஜாங்’) உண்டு. ஆனால் அந்தந்த இடத்துக் கட்சி ஷூஜி அவர்களுக்கு ஒரு படி மேல். சீன நகரம் ஒன்றின் மேயர் பேசியதாகச் செய்தி வந்தால், ‘ஷூஜி என்ன சொன்னார்?’ என்று தேடிப் பாருங்கள்.

மூன்றாவது, ராணுவத்தை ஆளும் மத்திய ராணுவ ஆணையத்தின் ஜூஷி. 2018 மார்ச்சில் இரண்டு தவணை வரம்பை நீக்கினார்களே, அது குவோஜியா ஜூஷி பதவிக்குத்தான். மற்ற இரண்டுக்கும் சட்டத்தில் எழுதிய வரம்பு முன்பும் இருக்கவில்லை.

மார்ச் மாதம் செய்தியில் வரும் ‘லியாங்ஹுவெய்’ என்பதற்கு ‘இரு கூட்டங்கள்’ என்று பொருள்: சுமார் 3000 உறுப்பினர் கொண்ட தேசிய மக்கள் பேராயமும், அரசியல் ஆலோசனை மாநாடும். நாடாளுமன்றம் என்று எழுதுவார்கள். வருடத்தில் ஒன்றிரண்டு வாரமே கூடும் நாடாளுமன்றம்.

மாகாணப் பெயர்களை எப்படி நினைவில் வைப்பது?

நான்கு திசை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பெய் வடக்கு, நான் தெற்கு, தொங் கிழக்கு, ஷி மேற்கு. பெய்ஜிங் வட தலைநகர், நான்ஜிங் தென் தலைநகர். மஞ்சளாற்றுக்கு வடக்கே ஹெபெய், தெற்கே ஹெனான். ஏரிக்கு வடக்கே ஹுபெய், தெற்கே ஹுனான். மலைக்குக் கிழக்கே ஷான்தொங். யுன்னான் என்றால் ‘மேகங்களுக்குத் தெற்கே’. ஷின்ஜியாங் ‘புதிய எல்லை’. அதை சிங் அரசு 1884இல் மாகாணமாக்கியது. அங்கேயே தலைமுறை தலைமுறையாக வாழும் உய்கர் மக்களுக்கு அது எப்படிப் ‘புதியது’ என்பது நியாயமான கேள்வி. திபெத்துக்குச் சீனப் பெயர் ‘ஷிட்ஸாங்’. 2023 முதல் ஆங்கில வெளியீடுகளிலும் பெய்ஜிங் இதையே எழுதிவருகிறது. திபெத்தியர்கள் பலர் இதை விரும்பவில்லை.

ஹான், ஹுவா, ஜொங்குவோரென் – எல்லாம் ‘சீனர்’தானா?

தமிழில் ஒரே சொல்தான், அங்கே மூன்று. ஹான் என்பது இனம். ஹான் மரபின் (கி.மு. 202 – கி.பி. 220) பெயரிலிருந்து வந்தது. 2020 கணக்கெடுப்பில் 91 சதவீதம் பேர் ஹான். ஜொங்குவோரென் என்பது நாட்டுரிமை. திபெத்தியரும் அரசுக் கணக்கில் ஜொங்குவோரென். ஹுவாரென் என்பது வம்சம். பினாங்கில் பிறந்த சீனரிடம் போய் ‘நீங்கள் ஜொங்குவோரெனா?’ என்று கேட்டால், ‘நான் மலேசியன்’ என்று பதில் வரும். கொழும்புத் தமிழரை ‘இந்தியாவா?’ என்று கேட்டால் வரும் அதே முகபாவத்தோடு.

எல்லாரையும் ஒரே குடைக்குள் கொண்டுவர லியாங் சிச்சாவ் 1902இல் உண்டாக்கிய சொல் ‘ஜொங்ஹுவா மின்ட்ஸு’. இன்றைய தலைவர்கள் பேச்சுகளில் ஓயாமல் வரும். மின்ட்ஸு என்ற சொல்லைத் தமிழில் பிடிப்பது கஷ்டம். இனம், தேசிய இனம், தேசம் மூன்றுக்கும் அதுவே. ‘ஜொங்ஹுவா மின்ட்ஸு’ ஒன்றுதான், அதற்குள் 56 மின்ட்ஸு என்று ஒரே மூச்சில் சொல்வார்கள்.

அந்த 56ஐ யார் எண்ணினார்கள்?

அரசு. 1953 கணக்கெடுப்பில் உங்கள் இனம் என்ன என்று கேட்டு, சொன்னதை எழுதிக்கொண்டார்கள். 400க்கும் மேற்பட்ட பெயர்கள் வந்தன. ஆய்வாளர்களை அனுப்பி ஒன்றோடொன்று சேர்த்துச் சுருக்கினார்கள். 1979இல் யுன்னானின் ஜினுவோ மக்களைச் சேர்த்ததோடு பட்டியலை மூடிவிட்டார்கள். அடையாள அட்டையில் மின்ட்ஸு அச்சிட்டிருக்கும், பட்டியலில் இல்லாத பெயரைப் போட முடியாது.

இதில் எழுத்தோடு சேர்ந்த ஒரு சங்கதி உண்டு. தெற்கே குவாங்ஷியில் வாழும் ஜுவாங் மக்கள்தான் சிறுபான்மையினரில் பெரிய கூட்டம், சுமார் 1 கோடியே 95 லட்சம். அவர்கள் பெயரைப் பழைய அரசுகள் எழுதிய எழுத்தின் இடப்பக்கத்தில் நாய்க்குறி இருக்கும். விலங்குப் பெயர்களுக்கு இடும் குறி அது. யாவ் மக்களுக்கும் அப்படித்தான். வாயால் சொன்னால் தெரியாது, எழுதினால் மட்டுமே தெரியும் வசவு. 20ஆம் நூற்றாண்டில் நாயை எடுத்துவிட்டு மனிதக் குறியை வைத்தார்கள். 1965இல் பிரதமர் ஜோவ் என்லாய் யோசனைப்படி ஜுவாங் என்பதற்கு ‘வலிமையான’ என்று பொருள்படும் எழுத்தையே கொடுத்தார்கள். யாவ் மக்களின் நாய் இருந்த இடத்தில் ஜேட் கல் வந்தது. உச்சரிப்பு மாறவில்லை.

வெளிநாட்டுக்காரர்களுக்கு என்ன பெயர்?

காலத்துக்கு ஒன்று. வடக்கு, மேற்கு நாட்டவர் ‘ஹு’. அங்கிருந்து வந்த பொருள்களுக்கும் அதே முன்னொட்டு. நம் மிளகுக்குச் சீனப் பெயர் ‘ஹுஜியாவ்’, அந்நியக் காரம். கிழக்கே இருந்தவர்கள் ‘யி’. ஆங்கிலேயரையும் யி என்றே எழுதிவந்தார்கள். ‘காட்டுமிராண்டி’ என்று பொருள் கொண்டு கோபப்பட்ட பிரிட்டன், 1858 தியென்ஜின் ஒப்பந்தத்தில் 51ஆவது பிரிவாக, அரசு ஆவணங்களில் எங்களை இனி யி என்று எழுதக்கூடாது என்று போடவைத்தது. ஒரே ஓர் எழுத்துக்காக ஒரு பிரிவு!

அடுத்து ‘யாங்’, கடல். கடல் தாண்டி வந்ததெல்லாம் யாங். இதற்குத் தமிழில் அச்சு அசலான இணை உண்டு: சீமை. மண்ணெண்ணெய்க்கு அவர்கள் ‘யாங்யோவ்’ என்றார்கள், நாம் சீமெண்ணெய் என்றோம். தீக்குச்சி ‘யாங்ஹுவோ’, கடல் நெருப்பு. வெங்காயம் இன்றும் ‘யாங்ட்ஸொங்’. இப்போது தெருவில் வெளிநாட்டுக்காரரைப் பார்த்தால் ‘லாவ்வாய்’ என்கிறார்கள். திட்டு இல்லை, கொஞ்சம் வேடிக்கை கலந்தது.

தமிழர்களுக்குச் சீனப் பெயர் உண்டா?

உண்டு. சீனாவில் ‘தாய்மிஅர்’, சிங்கப்பூரில் ‘தான்மிஅர்’. ஒலிக்காக எடுத்த எழுத்துகள், நடுவில் வரும் ‘மி’ அரிசி. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி என்பதால் அங்குள்ள சீனச் செய்தித்தாளில் இந்தச் சொல் அடிக்கடி கண்ணில் படும். மலாயாச் சீனர்களின் பழைய தலைமுறை ‘ஜினிங்’ என்றது. அது மலாய் ‘கெலிங்’, அதாவது கலிங்கத்திலிருந்து வந்தது. இன்று அதை இழிவாகவே கருதுகிறார்கள்.

இன்னும் பின்னால் போனால் சோழ நாடு ‘ஜூநியென்’. சொங் மரபின் வரலாற்று நூலில் 1015இல் வந்த தூதுக்குழுவை அனுப்பிய அரசன் பெயர் ‘லுவோச்சா லுவோஜா’. இராஜராஜன்தான். 1033க்கு எழுதியிருப்பது ‘ஷிலி லுவோச்சா யின்துவோலுவோ ஜூலுவோ’. மெதுவாக ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ஸ்ரீ ராஜ இந்திர சோழ.

கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் காலி மும்மொழிக் கல்வெட்டும் இங்கே சொல்ல வேண்டியது. கடற்படைத் தலைவர் ஜெங் ஹெ கொண்டுவந்து நிறுத்தியது, வாசகத்தின் காலம் 1409. சீனப் பகுதி ‘தா மிங் ஹுவாங்தி’ அனுப்பிய ‘தாய்ஜியென்’ ஜெங் ஹெ என்று தொடங்கிப் புத்தரைப் போற்றுகிறது. தாய்ஜியென் என்றால் அரண்மனை அண்ணகர். தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற தெய்வத்தைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி அல்லாவை. தமிழில் ஹுவாங்தி மகாராஜா ஆகிவிடுகிறார். 1911இல் காலி நகரில் ஒரு சிறு பாலத்தின் மூடுகல்லாகக் கிடந்தது இந்தக் கல்.

தமிழ்ச் சொல் ஏதாவது சீனத்துக்குள் போயிருக்கிறதா?

‘கூலி’. ஆங்கிலேயர் வாயில் போனது தமிழின் கூலி என்று பல அகராதிகள் சொல்கின்றன. குஜராத்தின் கோலி மக்கள் பெயர் என்பாரும் உண்டு. எப்படியானாலும் 19ஆம் நூற்றாண்டில் தென்சீனத் துறைமுகங்களிலிருந்து கியூபாவுக்கும் பெருவுக்கும் ஆட்களை ஏற்றியபோது அந்தச் சொல் சீனத்துக்குள் நுழைந்தது. ஒலிக்கு எழுத்து தேட வேண்டும் அல்லவா? ‘கு’வுக்கு எடுத்த எழுத்து ‘கசப்பு’, துன்பம். ‘லி’க்கு எடுத்தது ‘வலிமை’. குலி, கசப்பான உழைப்பு. ஒலியும் பொருளும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய கடன்சொல் இன்னொன்றை நான் பார்த்ததில்லை. சீன மாணவர்கள் பலர் அதைச் சொந்தச் சொல் என்றே நினைக்கிறார்கள். ஆள் பிடித்து அனுப்பிய அந்த வியாபாரத்துக்குக் கான்டன் பக்கத்துப் பெயர் ‘பன்றிக்குட்டி விற்பது’.

சாதாரண மக்களுக்கு என்ன சொல்? ‘ரென்மின்’தானே?

ரென்மின் மேடைச் சொல். மக்கள் குடியரசு, மக்கள் வங்கி, மக்கள் நாளிதழ் எல்லாவற்றிலும் வரும். தன்னைத் தானே யாரும் ரென்மின் என்று சொல்லிக்கொள்வதில்லை. ‘நாங்கள் லாவ்பாய்ஷிங்’ என்பார்கள். நேர்பொருள் ‘பழைய நூறு குடும்பப் பெயர்கள்’. ஷூஜி பெரிய ஆள், நாம் லாவ்பாய்ஷிங், நமக்கு எதற்கு வம்பு என்ற தொனி அதில் இருக்கும்.

அவர்கள் வாழ்க்கையை நிர்ணயிக்கும் சொல் ‘ஹுகோவ்’. ‘ஹு’ வீடு, ‘கோவ்’ வாய். வீட்டில் எத்தனை வாய் என்ற பதிவு. 1958 சட்டத்திலிருந்து யார் கிராமம், யார் நகரம் என்று பிரித்தது இதுதான். ஷாங்காயில் இருபது வருடம் கட்டட வேலை செய்தவர் பிள்ளையை அங்கே பள்ளியில் சேர்க்கத் திண்டாடுவதும் இதனால்தான். ரேஷன் கார்டைப்போல என்று சொல்லலாம், ஆனால் பிடி அதைவிட இறுக்கம்.

சீனாவில் யாரையாவது ‘தோழர்’ என்று கூப்பிடலாமா?

‘தொங்ஜி’ என்பது அந்தச் சொல், ‘ஒரே நோக்கம் கொண்டவர்’. மாவோ காலத்தில் எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கட்சிக் கூட்டத்தில் இன்றும் உண்டு. ஆனால் 1980களின் இறுதியிலிருந்து ஹாங்காங் வழியாக ஒருபாலின விருப்பம் கொண்டவர்களைக் குறிக்கும் சொல்லாகவும் அது பரவிவிட்டது. பழைய பாடநூலை நம்பி டாக்சி ஓட்டுநரைத் ‘தொங்ஜி’ என்று கூப்பிட்டால் கண்ணாடியில் உங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார். அவருக்கு ‘ஷீஃபு’ என்பதே சரி. தொழில் தெரிந்த பெரியவருக்குச் சொல்வது, நம் மேஸ்திரி, ஆசாரி மாதிரி. வழியும் சுற்றாமல் கொண்டுபோய் விடுவார்.